பாலிகார்பனேட் கூரை நம் கடற்கரைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் புதுச்சேரியில் ஓடும் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அதில் ஒரு யோசனையைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மேற்கூரை இல்லாத இரண்டு சீட்டு கார் வைத்திருப்பவர்கள் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டைக் கழற்றி மாட்டும் கூரையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். நான் அதைப் போட்டு ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்து, கழற்றி வைத்தவள்.

என்னிடம் இருப்பது 1968-ம் வருட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து இரண்டு சீட்டு கார், மார்க் 3, அதாவது மூன்றாவது வகை. அப்பாவின் கார். முத்தியால்பேட்டையில் அவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள்தான் அவருடைய பிழைப்பு. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டிலிருந்து பிறந்தது. இரண்டையும் வடிவமைத்தவரும் ஒருவரே, இத்தாலியரான மிக்கெலொட்டி. அதனால்தான் சீமைக் கார் ஒன்றை அப்பாவால் இந்த ஊரில் நாற்பது வருடம் ஓட வைக்க முடிந்தது. முன் சஸ்பென்ஷன் சாமான் வேண்டுமென்றால் ஹெரால்டு சாமானைத் தேடிப் போவார். ஆனால் ஹெரால்டில் தேடிக் கிடைக்காத ஒன்று மேல் டாப். அப்பா இருந்தவரை குஷன் கடையில் ரெக்சின் டாப் தைத்துப் போடுவார். இரண்டு வெயில் தாங்கும், மூன்றாவது வெயிலில் மடிப்பில் வெடிக்கும், பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும்.

2021-ல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தக் காருக்கு மடங்காத, நீடித்து உழைக்கும் ஒரு ஹார்ட் டாப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அரசுத் துறையில் வரைவாளராக இருந்தவள் நான். அளந்து பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன். ஆனால் முதல் தவறை அங்கேதான் செய்தேன். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் ஸ்பிட்ஃபயருக்கான பழைய இரும்பு டாப் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டினேன். கப்பலில் வந்து, வரி கட்டி, வீட்டில் இறக்கி, காரின் மேல் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் மூன்று விரல் இடைவெளி. ஸ்பிட்ஃபயரின் முதல் மூன்று வகைகளுக்குப் பின்பாதி ஒரு மாதிரி. 1970-ல் வந்த மார்க் 4-ல் அதை மாற்றினார்கள், டாப்பும் மாறியது. வந்திறங்கியது மார்க் 4 டாப். விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஸ்பிட்ஃபயர் என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் காரின் வருடத்தையும் மார்க் எண்ணையும் சொல்லி, பின் விளிம்பின் அளவை எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். அது பொருந்தியிருந்தாலும் எனக்கு ஆகியிருக்காது என்பது பிறகு புரிந்தது. இரும்பு டாப்பை நானும் மகளும் சேர்ந்து தூக்கவே முடியவில்லை. அப்புறம், உப்புக் காற்று. கடலுக்கு அரை மைல் தள்ளி இருக்கிற வீட்டில் ஜன்னல் கம்பியே வருடா வருடம் செதில் செதிலாக உதிரும்போது, உட்பக்கம் பெயின்ட் சரியாக ஏறாத பழைய தகடு எத்தனை மழைக்காலம் தாங்கும்?

அடுத்த வருடம் பாலிகார்பனேட். இரும்புக் குழாயில் சட்டம் வளைத்து, 4 மி.மீ. ஷீட்டைப் போல்ட் போட்டு முறுக்கினோம். பார்க்க அவ்வளவு அழகு. கடற்கரைச் சாலையில் நிறுத்தினால் கூட்டம் கூடும். மே மாதம் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே தெர்மாமீட்டர் வைத்தேன், 56 டிகிரி காட்டியது. வெளிச்சத்தை உள்ளே விட்டுச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிற கூரையின் கீழ் ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. இன்னொன்று, இந்தப் பொருள் சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். நாங்கள் போல்ட் அளவுக்கே துளை போட்டு இறுக்கியிருந்தோம். காலையில் டக் டக் என்று சத்தம் வரும். ஜூனில் இரண்டு துளைகளில் விரிசல் ஓடிவிட்டது. துளையைப் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் கொடுத்து, லேசாக முறுக்கியிருந்தால் விரிசல் வந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். சூட்டுக்கு என்ன செய்வது? மணலும் உப்பும் படிந்த ஷீட்டை உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து ஆறே மாதத்தில் பனி படர்ந்த மாதிரி ஆனதற்கு என்ன செய்வது? உங்கள் கட்டுரையில் இது எதுவும் இல்லை.

விடை கிடைத்தது கடலூர் முதுநகரில். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க, கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் தோய்த்துச் செய்யும் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் துறைமுகத்தின் பக்கம் இருக்கின்றன. அப்படி ஒரு மேஸ்திரியிடம் படத்தைக் காட்டினேன். இங்கிலாந்தில் 1960-களிலேயே ஆஷ்லி, லென்ஹாம் போன்றவர்கள் இந்த மாதிரி கார்களுக்கு ஃபைபரில் டாப் செய்து விற்றார்கள், புதிதாக எதையும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "படகுல தண்ணி கீழருந்து வரும், உங்க வண்டியில மேலருந்து வரும். அவ்வளவுதானம்மா வித்தியாசம்" என்றார். எனக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைக்கச் சொன்னதும் அவர்தான். ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாதாம். முன் கண்ணாடிச் சட்டம், கதவுக்குப் பின்னுள்ள ஓரம், பின் டெக் (சீட்டுக்குப் பின்னுள்ள மேல் தகடு) மூன்றுக்கும் நான் அட்டையில் வடிவம் வெட்டிக் கொடுத்தேன். காரை பாலித்தீனில் போர்த்தி, அதன் மேலேயே பிளைவுட் விலா வைத்து, பிளாஸ்டர் பூசி, தேய்த்து, அதிலிருந்து மோல்டு எடுத்தார். மெழுகு பூசி, வெளிப்பூச்சாக வெள்ளை ஜெல்கோட், அதன் மேல் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு, விளிம்பில் நான்கு. நடுவில் தெர்மாகோல் பட்டை வைத்து மூடி விலா எலும்பு மாதிரி இரண்டு வளைவு. ரெசின் இறுகும்போது சுருங்கும் என்பதால் சுற்றிலும் நீர் புகாமல் தடுக்கும் ஓரப்பட்டையான பீடிங்குக்கு இடம் விட்டார். நான் அவசரப்பட்டேன், அவர் ஐந்து நாள் மோல்டை விட்டு எடுக்கவே விடவில்லை. சீக்கிரம் எடுத்தால் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த போல்ட்டாலும் அதை நிமிர்த்த முடியாது என்றார். எடுத்த அன்று தராசில் 17 கிலோ. நானும் மகளும் பேசிக்கொண்டே தூக்கி மாட்டுகிறோம். கழற்றினால் ஷெட்டில் கப்பி போட்டுத் தொங்கவிடுகிறோம்.

மறுபடி மே மாதம், அதே இரண்டு மணி, அதே தெர்மாமீட்டர். வெள்ளைக் கூரையின் உள்ளே ஃபெல்ட் ஒட்டியபின் 45 டிகிரி. சொகுசு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓட்டலாம்.

மாட்டும் விஷயத்தில் இரண்டு வார்த்தை. காரின் உடம்பில் புதிதாக ஒரு துளைகூடப் போடாதீர்கள். ரெக்சின் டாப்புக்காகக் கம்பெனி விட்ட இடங்களே போதும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி 50 வருடம் தாண்டிய கார்களை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூலவடிவில் இருக்க வேண்டும். டாப்புக்காக டெக்கை அறுத்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. போல்ட் எல்லாம் 316 கிரேடு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். சாதாரண 304-கூட நம் காற்றில் பழுப்புக் கறை விடுகிறது. முன் கிளாம்பை வெறி கொண்டு முறுக்கினால் கண்ணாடிச் சட்டம் வளையும், முறுக்காமல் விட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ல் போகும்போது முன் மூலை எழும்பும். காற்று அந்த அளவுக்கு மேலே இழுக்கிறது. பின் ஜன்னலுக்கு போர்டு எழுதும் கடையில் வாங்கிய அக்ரிலிக் போட்டிருக்கிறேன். அதைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் மயிரிழை விரிசல் பூக்கும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவுங்கள், பிறகு துணி.

இளைஞர்கள் இதைப் படித்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைபரோ இரும்போ, இப்படிக் கழற்றி மாட்டும் டாப் கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றாது. அது வெயிலுக்கும் மழைக்கும்தான். அதை நம்பி வேகம் போகாதீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஷெட்டுக்குப் பக்கச் சுவர் இல்லை. சாரல் இரவு முழுக்க காரின் மேலேயே அடித்தது. விடிந்ததும் குடையோடு போய்க் கதவைத் திறந்து கையால் தடவிப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான டிரைவர் சீட் காய்ந்திருந்தது. பின் வலது மூலையில் பீடிங் இரண்டு முனையும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு ஈரக்கோடு. அந்த இணைப்பைப் பிறகு கீழ்ப்பக்கம் வருமாறு மாற்றிவிட்டோம்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 38 ஆயிரம் ரூபாய். வீணாகப் போன இரும்பு டாப்புக்குக் கட்டிய வரியே அதைவிட அதிகம். மோல்டு முதுநகரில் மேஸ்திரியின் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது. மார்க் 1, 2, 3 ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் என் கடிதத்தை அவர்களிடம் சேர்ப்பியுங்கள், மோல்டுக்கு நான் பணம் வாங்க மாட்டேன். பாலிகார்பனேட் பற்றிய அந்த யோசனையை மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுங்கள். கோடை வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் யாரும் ஷீட் வாங்கிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரைவாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.