படுவான்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ்: வாவிக்கரை இயற்கைக் கல்விக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

போன போயா (பௌர்ணமி) விடுமுறையன்று, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கத்துச் சந்தியொன்றில் 32 பிள்ளைகள் விடியற்காலை ஐந்தரை மணியிலிருந்து காத்து நின்றார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கொப்பி. அவர்களை எங்கள் வாவிக்கரை வகுப்புக்கு ஏற்றிவர பஸ் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்கள். வேறு பஸ் பிடிக்க எங்களிடம் காசு இல்லை. ஒன்பது மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடும்படி அவர்களுடைய ஆசிரியையிடம் தொலைபேசியில் சொன்னோம். அப்படியொரு சொல்லை இன்னொரு தடவை சொல்லக் கூடாது என்று அன்று பின்னேரமே கூடி முடிவெடுத்தோம். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

எங்கள் குழு பெரியதல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், வாவியில் தொழில் செய்கிறவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், இரண்டு தாதியர். சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. போயா நாள்களில் காலை 6 மணிக்கு, ஒரு மாதம் காந்தி பூங்காவில், அடுத்த மாதம் கல்லடிப் பாலத்தடியில், பிறகு பாலமீன்மடுவில் என்று கூடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது அம்மம்மாவுக்கும் ஒரே வகுப்புத்தான்.

அங்கே என்ன நடக்கும்? கண்ணா மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். உப்புக் கரிக்கும். உடலுக்குள் போன உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது என்று அதற்குப் பிறகு சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது. கண்டல் காய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். அதை எடுத்து நட ஐந்து வயதுக் கையே போதும். தில்லை மரத்துக்குக் கிட்ட மட்டும் பெரியவர் ஒருவர் நிற்பார். தில்லம்பால் கண்ணில் பட்டால் பார்வை போகலாம் என்பது வாவிக்கரைக் கிராமங்களில் முன்பு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து வருகிற காக்கா (அண்ணன்) ஒருவர் நண்டைப் புரட்டி, அடிவயிற்று மடலைக் காட்டி, ஆண் எது பெண் எது என்று சொல்லித்தருவார். சினை நண்டாக இருந்தால் தண்ணீரில் திரும்ப விட்டுவிடுவார். ஒரு தடவை அவர் விட்டதைப் பார்த்த பிள்ளைகள், அடுத்த நண்டை யாரும் சொல்லாமலே தாங்களே புரட்டிப் பார்த்தார்கள்.

எல்லா வயதினரும் வரவேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. இன்று நாற்பது வயதை அண்டி நிற்கும் எங்கள் ஊர்ப் பெற்றோர் போருக்குள் வளர்ந்தவர்கள். வாவியைக் கடப்பதென்றால் சோதனைச்சாவடி. பொழுதுபட்டால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிறந்து, படுவான்கரையைப் பார்க்காமலே கலியாண வயதுக்கு வந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அப்புறம் 2004 டிசம்பர் 26. நாவலடியில், கல்லடியில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் மிஞ்சிய பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. அவர்களை யார் குறை சொல்வது? ஆனால் அம்மம்மாவுக்குத் தெரிந்த பறவையின் பெயர் அம்மாவுக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். அதனால் பிள்ளையை இறக்கிவிட்டுப் போக வருகிற அம்மாவையும் "இருங்க தங்கச்சி, பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று மறிக்கிறோம். கல்லடியில் ஒரு தாய், சுனாமிக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாகத் தண்ணீரில் கால் நனைத்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கூட நின்றோம்.

ஒருநாள் முகாம் வைத்து முடித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி வருசம் முழுக்க ஒரே வாவியாக இருப்பதில்லை. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகளைத் திறந்தால் வெள்ளம் வாவிக்குள் இறங்கும். வயலும் ஊரும் தாழாமல் இருக்க முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். உப்புக் குறைந்த அந்த நாள்களில் ஆற்றுவாழைச் செடிகள் மிதந்து வரும். உப்பு ஏறியதும் கருகிப் போகும். மாரிக்கு முன்னரே வடக்கிலிருந்து வந்து இறங்கும் உள்ளான்கள் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். ஆடி மாதம் மட்டும் வந்த பிள்ளைக்கு உள்ளான் என்று ஒரு பறவை இருப்பதே தெரியாமல் போகும். பன்னிரண்டு மாதமும் வந்தால்தான் வாவியின் ஒரு சுற்றைப் பார்த்ததாகும். எங்கள் கணக்கும் அதனால்தான் ஒரு வருசத்துக்கானது.

கோடைப் போயாக்களில் இரவிலும் கூடலாம் என்று நினைத்திருக்கிறோம். மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பாட்டைக் காதால் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1848இல் மட்டக்களப்புக்கு வந்த, பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இரவில் தோணியில் போய் அதைக் கேட்டு எழுதிவைத்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் ஒலி பெருகியது என்கிறார். அது ஊரி என்னும் நீர்நத்தையின் குரல் என்று அவருக்குச் சொன்னவர்கள் இந்த ஊர் மீனவர்கள்தான். பிற்காலத்தில் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவும் செய்தார். மீனா ஊரியா என்ற வாதம் அப்படியே இருக்கட்டும். நிலவு வெளிச்சத்தில் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, சவளை (துடுப்பை) தண்ணீருக்குள் விட்டு, அதன் மேல்முனையில் நம் பிள்ளைகள் காதை வைத்துக் கேட்கவேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் தோணியில் ஏற்றமாட்டோம். எங்களிடம் இப்போது ஒன்றுகூட இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். படுவான்கரையிலிருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு நாளுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வருசத்துக்கு 2,16,000. இதுதான் பெரிய செலவு, இதில் ஒரு சதமும் குறைக்க நாங்கள் விரும்பவில்லை. மண்டூரிலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பிறகு பஸ் பிடித்து வருவதற்கும் சில குடும்பங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அவர்களுக்கும் இந்த பஸ்ஸை ஒருநாள் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்களோடு வருகிற இரண்டு மீனவர்கள் அன்றைய தொழிலை விட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டால் காசு வேண்டாம் என்பார்கள். ஆனாலும் ஆளுக்கு 4,000 ரூபாயாவது கொடுப்பதுதான் முறை, வருசத்துக்கு 96,000. நூறு பேருக்குத் தாமரை இலையில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், குடிக்கப் பிளேன்டீயும் என்றால் 1,80,000. நான்கு பைனாகுலர்களுக்கு 80,000. லைஃப் ஜாக்கெட் இருபதுக்கு 70,000. எல்லாமாக 6,42,000 ரூபாய். குழுவில் உள்ளவர்கள் நாங்கள் போட்டது 1,42,000. மிச்சம் 5 இலட்சம் ரூபாயை உங்களிடம் கேட்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊரவர்களிடமும் கேட்கிறோம். ஒரு போயாவின் பஸ் செலவை ஒரு குடும்பமோ, ஒன்றாகப் படித்த நண்பர்களோ சேர்ந்து பொறுப்பெடுக்கலாம். ஐந்நூறு ரூபாய் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. பணத்தைக் குழு உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள், அல்லது அவரிடமே வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். எங்கள் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. வரவு செலவை ஒவ்வொரு போயாவும் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம்.

காசு இல்லாதவர்கள் கையை விரிக்க வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பைனாகுலர் இருந்தால் தாருங்கள். வாவியிலே, வயல் வட்டையிலே வாழ்ந்த அப்பா, அம்மா, பெரியம்மா இருந்தால் ஒரு காலைக்கு அவர்களைக் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர் என்றால் முதல்நாள் சொல்லுங்கள், ஓட்டோ அனுப்புகிறோம்.

அடுத்த போயாவுக்குக் கல்லடிப் பாலத்தடியில் நிற்போம். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் நாரைகள் எழும்பிப் போய்விடும்.

இப்படிக்கு,
குழுவினர்
மட்டக்களப்பு