மார்கழியில எரியற மஞ்ச லைட்டை "குளிருக்குத்தான்"னு விட்டுடாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காட்பாடி காந்தி நகர்ல இருந்து எழுதறேன். மழை, பனி, பட்டாசுன்னு ஒவ்வொரு சீசனுக்கும் ஜாக்கிரதை சொல்லி நீங்க பேப்பர்ல போடறீங்க, அதையெல்லாம் எங்க மாமா தினம் காலைல சத்தமா படிச்சு காட்டுவார். ஆனா கார் டயர்ல காத்து குறைஞ்சா எரியற அந்த மஞ்ச லைட்டை பத்தி இதுவரைக்கும் ஒரு வரி கூட நான் பாக்கல. எங்க தெருவுல மட்டும் இந்த மார்கழில மூணு பேர் என்கிட்ட "உங்க வண்டியிலயும் அது எரியுதா"ன்னு கேட்டுட்டாங்க, மூணு பேருக்குமே யாரோ சொன்ன பதில் ஒண்ணுதான், "குளிருக்கு அப்படித்தான் வரும், கண்டுக்காதீங்க". எனக்கும் அதைத்தான் சொன்னாங்க. அதுல பாதி உண்மை. மீதி பாதியில எங்க குடும்பத்துல நாலு பேர் நெடுஞ்சாலைல நின்னோம், அதனாலதான் எழுதறேன்.

மார்கழி ரெண்டாவது வாரம்னு நினைக்கிறேன், விடிகாலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணா மீட்டர் பக்கத்துல மஞ்சளா ஒரு படம், குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு, அடில பல்லு பல்லா, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. என் வண்டியில ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்ளோ காத்துன்னு நம்பர் காட்டாது, வெறும் லைட்டுதான். சர்வீஸ் பண்ற இடத்துக்கு போன் போட்டேன். "பனி காலத்துல எல்லா வண்டிக்கும் வரும் மேடம், கொஞ்ச தூரம் ஓட்டுங்க, போயிடும்"னாங்க. சாயந்திரம் பங்க்ல காத்து அடிச்சேன், போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு. திரும்ப அடிச்சேன், திரும்ப போச்சு. இப்படியே மூணு வாரம். பங்க்ல அந்த தம்பி மிஷின்ல 33 பிஎஸ்ஐன்னு (காத்தோட அழுத்தத்தை அளக்கற அளவு, பாயிண்டுன்னும் சொல்வாங்க) வச்சு நாலு சக்கரத்துக்கும் வரிசையா மாட்டி எடுப்பான், பீப் பீப்னு சத்தம் வரும், முடிஞ்சுது. எந்த சக்கரத்துல அடிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. கேட்டிருக்கணும். அந்த ஒரு கேள்வியிலதான் எல்லாமே இருந்துச்சு.

தை பொறந்து முதல் முகூர்த்தம், வாணியம்பாடில சொந்தக்காரங்க வீட்டு கல்யாணம். விடிகாலை நாலரைக்கு மாமா, அத்தை, என் பையனை கூட்டிகிட்டு நான்தான் ஓட்டிகிட்டு கிளம்பினேன். லைட் எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு, ஆனா மூணு வாரமா பாத்து பாத்து கண்ணுக்கு பழகிப்போச்சு. பள்ளிகொண்டா தாண்டி கொஞ்ச தூரத்துல வண்டி பின்பக்கம் ஆட ஆரம்பிச்சுது, தொப் தொப்னு ஒரு சத்தம், ஸ்டியரிங் கைல நிக்கல. ஓரம் கட்டி இறங்கி பாத்தா பின்னாடி இடது சக்கரம் தரையோட படுத்துகிட்டு இருக்கு. பக்கத்துலயே லாரிங்க பறக்குது, பனியில ஹெட்லைட் மட்டும்தான் தெரியுது. அத்தையையும் பையனையும் ரோட்டை விட்டு தள்ளி நிக்க வச்சுட்டு மாமா செல்போன் டார்ச்சை காட்டிகிட்டு நின்னார். ஸ்டெப்னியை எடுத்தா அதை அமுக்கினாலே உள்ள போகுது. வண்டி வாங்கினதுல இருந்து அதுக்கு யாரும் காத்தே பாக்கல, அந்த லைட்டு பெரும்பாலும் ஸ்டெப்னியை கணக்குலயும் எடுத்துக்காதாம்.

கொஞ்ச தூரத்துல ஒரு பஞ்சர் கடை இருந்துச்சு, ராத்திரி பூரா திறந்திருக்கற கடை. வயசானவர், சால்வையை தலையோட போத்திகிட்டு வந்து டயரை ஒரு பார்வை பாத்துட்டு, "இன்னாம்மா, காத்தே இல்லாம இவ்ளோ தூரம் ஓட்டிகினு வந்துட்டீங்களே"ன்னார். நான் மூணு வாரமா லைட் எரியற கதையை சொன்னேன். உடனே அவர் கேட்டது இதுதான், "நாலும் எறங்குச்சா, இது ஒண்ணு மட்டும் எறங்குச்சா?" எனக்கு பதில் தெரியல. டயரை ரிம்ல இருந்து கழட்டி உள்ள கைய விட்டு எடுத்தார், கை நிறைய கருப்பா தூள், அடுப்புக்கரிய நுணுக்கின மாதிரி. அது டயரோட சொந்த ரப்பர். காத்து இல்லாம பக்கவாட்டு சுவர் மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்குள்ளயே தேஞ்சு தூளாயிருக்கு, விரலை வச்சு தடவினா உள்பக்கம் சுத்திவர ஒரு பள்ளம் ஓடுது. ஓட்டை போட்டது சுண்டு விரல் நகம் அளவு கூட இல்லாத ஒரு ஸ்க்ரூ. "இத அன்னிக்கே பாத்திருந்தா ஒரு குச்சி சொருகி அனுப்பியிருப்பேன், இப்ப டயரே வேஸ்ட்டும்மா, இத மாட்டிகினு ஓட்டாதீங்க, வெடிக்கும்"னுட்டார். ஸ்டெப்னிக்கு காத்து அடிச்சு மாட்டி, மெதுவா ஓட்டிகிட்டு போய் சேர்றதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சுது. அது போகட்டும். தை மாச விடிகாலைல மெதுவா போனதால தப்பிச்சோம், இதே டயர் சித்திரை வெயில்ல கொதிக்கற ரோட்டுல 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னும் வயிறு கலங்குது.

அப்ப குளிருக்கு காத்து குறையாதான்னா, கண்டிப்பா குறையும். கிட்டத்தட்ட 5, 6 டிகிரி குளிர்ந்தா 1 பிஎஸ்ஐ இறங்கும். என் பையன் பிளஸ் ஒன் படிக்கறான், வாயு விதின்னு அவங்க புத்தகத்துலயே இருக்கு, அவனே பேப்பர்ல போட்டு காட்டினான். நம்ம ஊர்ல மார்கழியிலயும் மதியானம் வெயில் வெயிலாதான் அடிக்கும், ரோட்ல ஓடி வந்த டயருக்குள்ள காத்து 55 டிகிரின்னு வச்சுக்கோங்க, அந்த சூட்டுல 33 அடிக்கறோம். வெளிக்காத்தோட அழுத்தம் 14.7ஐ சேத்தா 47.7. விடிகாலைல 18 டிகிரிக்கு வருது. ரெண்டு வெப்பத்தையும் கெல்வினுக்கு மாத்த 273ஐ கூட்டி, 47.7ஐ 291ஆல பெருக்கி 328ஆல வகுத்தா 42.3, அதுல அந்த 14.7ஐ கழிச்சா 27.6. ஓட்டை எதுவும் இல்லாமலே அஞ்சு பாயிண்டுக்கு மேல போச்சு பாருங்க. நல்ல டயர்ல கூட மாசத்துக்கு 1 பிஎஸ்ஐ கிட்ட தானா கசியும், மூணு மாசம் பாக்காம விட்டா 25க்கும் கீழ வந்துடும், லைட் எரியும். வெயிலூர்னு பேர் வாங்கின ஊர்ல குளிருக்கு லைட் எரியுதேன்னு சிலர் ஆச்சரியப்படறாங்க, நாம சூடா இருக்கறப்ப அடிச்சுட்டு குளிர்ல பாக்கறோம், வித்தியாசம் அங்கதான் வருது. என் நாத்தனார் அமெரிக்காவுல மிச்சிகன்ல இருக்காங்க, அங்க முதல் பனி விழற வாரத்துல பாதி பேர் வண்டியில இந்த லைட் எரியுமாம். 20 டிகிரில அடிச்சது மைனஸ் 10க்கு போனா இதே அஞ்சு பாயிண்ட் கணக்குதான்.

ஆனா குளிர் நாலு டயருக்கும் ஒரே குளிர்தானே? குளிருக்கு இறங்கினா நாலும் ஏறக்குறைய சமமா இறங்கும். மூணு 28ல நின்னு ஒண்ணு மட்டும் 21ல இருந்தா அது பனி இல்ல, ஆணி, இல்ல வால்வு, இல்ல ரிம் ஓரம் கசியுது. அந்த பெரியவர் ஒரே கேள்வியில பிடிச்சதை போன்ல எனக்கு யாராவது கேட்டு சொல்லியிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டினா லைட் போயிடும்ங்கறதும் அதே மாதிரிதான், ஓடினா டயர் சூடாகி அழுத்தம் ஏறுது, லைட் அணையுது, காத்து என்னமோ அதே காத்துதான், குறைஞ்சது குறைஞ்சதுதான். மறுநாள் காலைல திரும்ப எரியும்.

இந்த லைட் சீக்கிரமா எரியறதும் கிடையாது. அமெரிக்காவுல டயர் பிரிஞ்சு வண்டி கவிழ்ந்து நிறைய பேர் செத்ததுக்கு அப்புறம் 2000ல சட்டம் போட்டு, 2007 செப்டம்பர்ல இருந்து எல்லா புது கார்லயும் இதை கட்டாயமாக்கினாங்க. அங்க விதிப்படி, இருக்க வேண்டிய அளவுல இருந்து 25 சதவீதம் குறைஞ்சா லைட் எரியணும். 33க்கு அது 25க்கும் கீழ. நம்ம வண்டியில எங்க வச்சிருக்காங்கங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா லைட் எரியலங்கறதுக்காக காத்து சரியா இருக்குன்னு எடுத்துக்க முடியாது, எரிஞ்சுட்டா நல்லாவே குறைஞ்சுடுச்சுன்னுதான் அர்த்தம். இங்க 2020ல ஒரு விதி மாத்தினாங்க, ட்யூப்லெஸ் டயரும் இந்த எச்சரிக்கை லைட்டும் பஞ்சர் ஒட்டற கிட்டும் இருந்தா கார்ல ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லன்னு. அந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க இந்த லைட்டை எவ்ளோ மதிக்கணும்னு யோசிச்சு பாருங்க, அவங்களுக்கு டிக்கியில மாத்து சக்கரமே கிடையாது.

லைட் நிலையா எரிஞ்சா காத்து பிரச்சனை. ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் மாதிரி மின்னி மின்னி அப்புறம் நின்னு எரிஞ்சா சென்சார்லயோ சிஸ்டத்துலயோ கோளாறுன்னு அர்த்தம், பெரும்பாலான வண்டியில இப்படித்தான். சக்கரத்துக்குள்ள இருக்கற சென்சாருக்கு தனி பேட்டரி உண்டு, சில வருஷத்துல தீரும். சில வண்டியில சக்கரத்துக்குள்ள சென்சாரே இருக்காது, காத்து குறைஞ்ச சக்கரம் மத்ததை விட கொஞ்சம் வேகமா சுத்தறதை ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம்) வழியா கண்டுபிடிக்கும், அதுல காத்து அடிச்சதுக்கு அப்புறம் ரீசெட் பண்ணணும், பண்ணலன்னா அது எதையோ நினைச்சுகிட்டு எரியும், இல்லன்னா எரிய வேண்டிய நேரத்துல எரியாது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், எங்க தெருவுலயே ஒருத்தர் நெடுந்தூரம் ஓட்டிட்டு வந்த உடனே பாத்து 37 காட்டுதுன்னு காத்தை இறக்கி விட்டார், மறுநாள் காலைல லைட். சூடா இருக்கற டயர்ல காத்தை இறக்கவே கூடாது. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன டயர்ல பாக்கறதுதான் சரியான அளவு. அந்த அளவு டிரைவர் பக்கத்து கதவை திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும், டயர் மேலயே அச்சடிச்சிருக்கற பிஎஸ்ஐ நம்பர் அது தாங்கற உச்சம், அதை பாத்து அடிச்சுடாதீங்க. வேற வழியில்லாம சூட்டுல அடிச்சா மூணு நாலு பாயிண்ட் கூட வச்சு மறுநாள் காலைல சரி பண்ணுங்க. நைட்ரஜன் அடிச்சா இந்த தொல்லையே வராதுன்னு சொல்லி காசு வாங்கறாங்க. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அது கொஞ்சம் மெதுவா கசியும், அவ்ளோதான், குளிருக்கு அதுவும் இதே கணக்குலதான் சுருங்கும்.

பங்க் நடத்தறவங்ககிட்ட உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். காத்து இலவசமா கொடுக்கணும்ங்கறது விதி, ஆனா டயர் குளிர்ந்திருக்கற காலை ஆறு மணிக்கு போனா "ஆள் வரல", "கம்ப்ரசர் ஓடல"ன்னு திருப்பி அனுப்பறாங்க. காலைல ஒரு ரெண்டு மணி நேரம் அந்த மிஷின் ஓடினா போதும். அடிக்கற தம்பிங்க அடிக்கறதுக்கு முன்னாடி இருந்த நம்பரை வாய் விட்டு சொல்லட்டும், "முன்னாடி 28, 28, பின்னாடி 28, 21"னு. மிஷின் அளவு சரியா இருக்கான்னும் அடிக்கடி பாருங்க, ஒரே வண்டிக்கு ரெண்டு பங்க்ல மூணு பாயிண்ட் வித்தியாசம் எனக்கே வந்திருக்கு. சர்வீஸ் செண்டர்காரங்க யாராவது லைட் எரியுதுன்னு போன் பண்ணா "குளிருக்குத்தான்"னு சொல்றதுக்கு முன்னாடி நாலும் இறங்குச்சா ஒண்ணு மட்டுமான்னு கேளுங்க. ஒண்ணு மட்டும்னா வால்வுலயும் டயர் மேலயும் சோப்புத் தண்ணி தெளிச்சு குமிழி வருதான்னு பாக்க சொல்லுங்க, அதுக்கு வண்டிய அங்க எடுத்துட்டு வரக்கூட வேண்டியதில்ல.

நாங்க இப்ப கையில பிடிச்சு பாக்கற கேஜ் ஒண்ணு வாங்கிட்டோம். ஞாயித்துக்கிழமை காலைல காபிக்கு முன்னாடி பையன் நாலு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் பாத்து, முந்தின நாள் கிழிச்ச காலண்டர் தாள் பின்னாடி எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டறான். போன வாரம் 32, 32, 31, 32, ஸ்டெப்னி 35. மாமா பேப்பர் படிக்கறதுக்கு முன்னாடி இப்ப அந்த தாளைத்தான் முதல்ல போய் பாக்கறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தி நகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.