ஒருமை பன்மைப் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கண நூல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எஸ், எக்ஸ், எஸ்எச், சிஎச் என்று முடியும் சொல்லைப் பன்மையாக்க 'இஎஸ்' சேர்க்க வேண்டும் என்று விதி எழுதுகிறீர்கள். அதை அப்படியே நம்பும் பிள்ளை, எழுத்தில் சிஎச் என்று முடியும் 'ஸ்டமக்' என்ற சொல்லுக்கும் இஎஸ் போட்டு மதிப்பெண்ணை இழக்கிறது. பிழை பிள்ளையுடையதா, விதியுடையதா? 'பென்ச்'சுக்கு இஎஸ் வருவது சிஎச் என்ற எழுத்துகளால் அல்ல, 'ச்' என்ற ஒலியால். அதையடுத்து 'ஸ்' ஒட்ட முடியாமல் நடுவில் ஓர் இகரம் நுழைகிறது: பென்ச்சிஸ். ஸ்டமக் 'க்' என்றுதானே முடிகிறது? அதற்கு வெறும் எஸ் போதும். விதியை ஒலியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1958இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர், 'வக்' என்று ஒரு பொய்ப் பெயர் வைத்த உருவத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேள்விப்படாத அந்தச் சொல்லுக்கும் பெரும்பாலோர் சரியாகப் பன்மை சொன்னார்கள். 'இஸ்' சேர வேண்டிய புதுச் சொற்களில்தான் தடுமாறினார்கள். பாடத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் அதுதான்.

அப்புறம், அந்த விதிவிலக்குப் பட்டியல். 'ஃபுட்' ஏன் 'ஃபீட்' ஆகிறது என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? மிகப் பழைய வடிவில் அதன் பன்மை இகரத்தில் முடிந்தது. அந்த இகரம் முன்னாலிருந்த உயிரொலியைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தானே மறைந்துபோனது. 'டூத்', 'கூஸ்', 'மவுஸ்' எல்லாம் அதே கதை. 'சில்ட்ரன்' இன்னும் வேடிக்கை: ஏற்கெனவே பன்மையாக இருந்த பழைய சொல்லின் தலையில் இன்னொரு பன்மை விகுதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கதையோடு கேட்டதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று. 'ஐந்து பேனா வாங்கினேன்' என்பது நமக்கு இயல்பான பேச்சு. எண் வந்த பிறகு 'கள்' கட்டாயமில்லை. அதனால்தான் 'ஃபைவ் பென்' என்று எழுதுகிறார்கள். அதைக் கவனக்குறைவு என்று அடிக்கோடு இடாமல், இரண்டு மொழிகளும் பிரியும் இடத்தைக் காட்டுங்கள். இதற்கு நேர்மாறாக, 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' போன்ற, ஆங்கிலத்தில் பன்மை விகுதி ஏற்காத சொற்களுக்கு எஸ் சேர்த்துவிடுகிறார்கள். இந்தச் சொற்கள் நூலின் கடைசிப் பக்கத்துப் பெட்டிச் செய்தியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அடுத்த பதிப்பிலாவது அவற்றைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒருவர்