கலாபகோஸ்: இளைய தீவு ஒன்று, மூத்த தீவு ஒன்று

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "கப்பலா, கரையா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அதற்கு விடை தேடி, கலாபகோஸ் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்தேன். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் முடிவு. முதலில் எட்டு நாள் கப்பலிலேயே தங்கித் தீவுகளைச் சுற்றுவோம், பிறகு நாலு நாள் கரையில் அறை எடுத்துத் தங்குவோம்.

தென் அமெரிக்காவின் எக்வடோர் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கின்றன அந்தத் தீவுகள். எல்லாமே கடலடியிலிருந்து எரிமலையாகக் கிளம்பியவை. அடியில் இருக்கும் நெருப்பு ஊற்று நின்ற இடத்திலேயே நிற்க, அதன் மேலுள்ள பூமியின் மேலோட்டுத் தட்டு கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் கிழக்கே இருப்பவை தேய்ந்த கிழட்டுத் தீவுகள், மேற்கே இருப்பவை இன்னும் கொதிக்கும் இளசுகள். எல்லாத் தீவையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம் சேகர். இளைய தீவு ஒன்று, மூத்த தீவு ஒன்று, இந்த இரண்டையும் ஆற அமரப் பார்த்தாலே வந்த காரியம் முடிந்தது.

இளையது ஃபெர்னாண்டினா. 2024 மார்ச்சில்கூட அதன் எரிமலை வெடித்துக் குழம்பு கக்கியது. மனிதன் கொண்டுபோய் விட்ட ஆடோ எலியோ பூனையோ இன்றுவரை அங்கே கிடையாது. பயணிகள் கால் வைக்க அனுமதி உள்ள இடம் புன்டா எஸ்பினோசா ஒன்றுதான், அங்கே போவதற்குத்தான் கப்பல். பறக்கவே தெரியாத நீர்க்காகம் அங்கே இருக்கிறது. நாம் ஏரிக்கரையில் பார்ப்பது போலவே இறக்கையை விரித்துக் காயவைக்கும், ஆனால் அந்த இறக்கை பிய்ந்த விசிறி மாதிரி இத்துனூண்டு. கடலுக்குப் போய்த் திரும்பும்போது கூட்டில் இருக்கும் துணைக்கு ஒரு கொத்துப் பாசியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுக்குமாம். வெறுங்கையோடு வீடு திரும்பாத பறவை. இதைப் படித்த அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

அப்புறம் கடல் இகுவானா என்ற பெரிய பல்லி. ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருங்குழம்புப் பாறையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து வெயில் காய்கின்றன. திடீரென்று ஒன்று 'புஸ்' என்று தும்மியது. மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் பீறிட்டு அதன் தலையிலேயே விழுந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. கடல்பாசி தின்னும்போது உள்ளே போன உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. கடல் நீர் சூடாகும் எல் நினோ வந்து பாசி அற்றுப்போகும் காலத்தில் அதன் உடல் நீளமே ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், நல்ல காலம் வந்ததும் மறுபடி வளரும்.

மூத்தது எஸ்பனோலா. கப்பலை விட்டு இறங்கியதும் சான் கிறிஸ்டோபல் தீவில் அறை எடுத்துத் தங்குவோம், அங்கிருந்து ஒருநாள் படகில் போய்வரலாம். உலகத்தில் உள்ள கலாபகோஸ் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகள் அநேகமாக அத்தனையும் முட்டையிடுவது அந்த ஒரு தீவில்தான். வருஷத்துக்கு ஒரே முட்டை. ஏப்ரல் வாக்கில் வந்து, டிசம்பர் கடைசியில் கடலுக்குப் போய்விடும். நீ சொன்ன பிப்ரவரியில் போனால் கடல் அமைதியாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாறை விளிம்பு வெறுமையாகக் கிடக்கும். அதனால் நவம்பர். அலகோடு அலகு தட்டி, வட்டம் சுற்றி, வாயை ஆவென்று திறந்து மூடி அவை ஆடும் ஆட்டத்தைப் பார்க்காமல் வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா? கடல் சிங்கக் குட்டிகளும் அப்போது இருக்கும். தண்ணீர் குளிரும், குளிர் தாங்கும் வெட்சூட் உடை போட்டுக்கொள்வோம்.

செலவு பற்றிச் சுருக்கமாக. தேசியப் பூங்கா கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு 200 டாலர், முன்பு 100. தீவுக்குள் நுழையும் அட்டைக்கு 20 டாலர். எக்வடோரில் புழங்குவதே அமெரிக்க டாலர்தான், சில்லறை நோட்டாகக் கொண்டுவா, 100 டாலர் நோட்டைக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். செருப்பு, ஷூ அடியில் மண்ணும் விதையும் ஒட்டியிருக்கக் கூடாது. விமானம் ஏறுமுன் பையைச் சோதிப்பார்கள்.

கட்டணம் இரட்டிப்பானது உனக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. பின்டா தீவின் கடைசி ஆமையான ஜார்ஜ், துணை கிடைக்காமல் 2012 ஜூன் 24 அன்று செத்துப்போனது. எஸ்பனோலாவில் மிஞ்சியதும் மொத்தம் 14 ஆமைதான். அவற்றைப் பிடித்துவந்து, அமெரிக்க மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒன்றையும் சேர்த்து, 15 ஆமைகளாகச் சான்டா குரூஸ் தீவில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், இன்று 2,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் சொந்த மண்ணில் நடமாடுகின்றன. முதிர்ந்த அந்தப் 15 ஆமைகளையும் 2020 ஜூனில் எஸ்பனோலாவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். நாம் மிதித்தாலே நோகும் இடத்துக்குப் போகிறோம் சேகர். பாதைக்கு வெளியே கால் வைக்கக் கூடாது, எந்த விலங்கிடமும் 2 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, வழிகாட்டி இல்லாமல் நகரக் கூடாது. இதற்கெல்லாம் மனப்பூர்வமாகச் சம்மதிப்பவர்கள்தான் அங்கே போக வேண்டும். நீ சம்மதிப்பாய் என்று தெரியும். குஞ்சு பொரித்திருக்கிறது என்று ஒரு மாதம் ஜன்னல் கதவைத் திறக்காமல் இருந்தவனாயிற்றே நீ.

மூழ்கிப் பார்க்கும் கண்ணாடியைக் குளத்தில் போட்டுப் பழகுகிறேன். முதல் நாள் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. மீசை வழியாகக் கசிகிறது என்று பயிற்சியாளர் கண்டுபிடித்து, மேலுதட்டில் வாசலின் தடவச் சொன்னார். நின்றுவிட்டது. உன் மீசை என்னுடையதைவிட அடர்த்தி, நீயும் இப்போதே பழக ஆரம்பி.

உன் முழங்கால்தான் எனக்குக் கவலை. கப்பலிலிருந்து ரப்பர் படகில் கரைக்குப் போவோம், அங்கே அதை 'பங்கா' என்பார்கள். சில இடங்களில் படகு விளிம்பில் உட்கார்ந்து காலைத் திருப்பி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும். பிறகு கரடுமுரடான குழம்புப் பாறையில் ஒன்றிரண்டு மணிநேர நடை. டாக்டரிடம் இதை அப்படியே சொல்லிக் கேள், பொதுவாக "நடக்கலாமா?" என்று மட்டும் கேட்காதே.

16 பேர் போகும் ஒரு சின்னக் கப்பலில் இரண்டு இடம் இருக்கிறது. மாசக் கடைசி வரை நமக்காக வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது, அன்றைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
பாலு