கல்யாணச் சோறும் துள்ளுமாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டையில் வீட்டோரமாக ஆடு வளர்க்கிறேன். போன மாதம் வரை ஏழு இருந்தன. இப்போது நாலு. அந்த மூன்றும் எப்படிப் போயின என்பதை உங்கள் பத்திரிகை வழியாக எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தெருவில் கல்யாணம். மிஞ்சிய சோற்றை ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனசோடு கொடுத்ததுதான். நானும் அப்படியே வைத்துவிட்டேன், குட்டிகள் முட்டிமோதித் தின்றன. மறுநாள் விடியற்காலை, இருப்பதிலேயே கொழுகொழுவென்று வளர்ந்திருந்த கிடாக்குட்டி தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு நாலு காலையும் உதைத்துக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. தண்ணீர் எடுத்து வருவதற்குள் அடங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் எதிர்வீட்டு அக்கா. எனக்கோ பின்வீட்டுக்காரர் மேல் சந்தேகம். அவர் வைத்திருந்த செடியை என் ஆடு கடித்ததற்கு முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தோம். மருந்து வைத்துவிட்டார் என்று தெருவே கேட்கும்படி திட்டினேன்.

மனசு ஆறாமல், கடைசியாகச் செத்த குட்டியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். அறுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறையச் சோறு, சிறுகுடல் ரத்தச் சிவப்பு. "யாரும் விஷம் வைக்கலம்மா. விஷம் குடலுக்குள்ளேயே உண்டாயிருக்கு. இது துள்ளுமாரி" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே பின்வீட்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

துள்ளுமாரியை உண்டாக்குவது கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற கிருமி. அதில் டி வகை. நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும், தழை தின்னும்வரை தொந்தரவு இல்லை. திடீரென்று சோறோ தானியமோ நிறைய உள்ளே போனால் செரிக்காத மாவு குடலில் இறங்குகிறது. அதைத் தின்று கிருமி மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்குகிறது. நஞ்சு ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறினால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், மருந்து கொடுக்க நேரம் கிடைப்பதே அபூர்வம். நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் போகும் என்பதால்தான் "கண்ணு பட்டது" என்ற பேச்சும் வருகிறது.

இதே கிருமியின் ஏ வகை நம்மையும் விடுவதில்லை. அண்டாவில் பிரியாணி கொதித்தாலும் இதன் வித்து (கிருமி விதைபோல ஒடுங்கியிருக்கும் வடிவம்) சாகாது. மூடி வைத்த அண்டா மெதுவாக ஆறும்போது வெதுவெதுப்பான சூட்டில் முளைத்துப் பெருகும். ராத்திரி முழுக்க வெளியே இருந்த கறியைச் சூடு பறக்கக் காய்ச்சாமல் சாப்பிட்டால் மறுநாள் வயிற்றுவலி, பேதி. மிஞ்சியதைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் பயமில்லை. செத்த ஆட்டைக் கறிக்குக் கொடுப்பதும் பக்கிங்காம் கால்வாயில் வீசுவதும் கூடவே கூடாது. ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ரணஜன்னியும் (டெட்டனஸ்) இந்தக் குடும்பத்துக் கிருமியால் வருவதுதான். துருப்பிடித்த ஆணிதான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற வித்து ஆழமான காயத்துக்குள் போவதால்தான் வருகிறது. காசிமேட்டில் தூண்டில் முள் குத்தினவர்களும் இரும்புக் கடையில் கை கிழிந்தவர்களும் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசிக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட்டாக வேண்டும். ஒருதரம் நோய் வந்து பிழைத்தாலும் எதிர்ப்புச் சக்தி உண்டாகாது. தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை, மாவட்டந்தோறும் 1,000 பிரசவத்துக்கு ஒன்றுக்கும் கீழே 2015-ல் நாம் கொண்டுவந்தோம். கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசிக்கும் சுத்தமான பிரசவத்துக்கும் அதில் பெரிய பங்கு.

அப்படியொரு ஊசி துள்ளுமாரிக்கும் இருக்கிறது. முதல்தரம் மூன்று அல்லது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, மழைக்கு முன்னால். இது எனக்கு ஆடு செத்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் தெருப் பக்கம் ஆட்டுக்கு ஊசி போடும் முகாம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆடு என்றால் கிராமம் என்று அதிகாரிகள் நினைத்துவிடக் கூடாது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று வடசென்னைச் சந்துகளில் எத்தனையோ வீடுகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் ஆட்டை விற்றுத்தான் நடக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை இந்த மழைக்கு முன் இங்கே முகாம் போட வேண்டும்.

என் நாலு ஆட்டுக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்ததற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் முகாம் வந்தால் எங்கள் தெரு ஆடுகள் எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.