எழுத்தின் கீழுள்ள குறிகளை விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழஞ்சுவடிகளை மின்னாக்கம் செய்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை ஒட்டி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எழுத்துகளின் கீழே இடப்படும் புள்ளி, கோடு, கொக்கி முதலிய குறிகளை அழகுக்கென்றோ அழுக்கென்றோ எண்ணி, தட்டச்சின்போது விட்டுவிடும் வழக்கம் கவலைக்குரியது.

இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் நூல்களைத் தோலில் படியெடுத்தவர்கள், தவறாக எழுதிவிட்ட எழுத்தைச் சுரண்டாமல், பல வேளைகளில் அதன் அடியில் புள்ளி வைத்துவிட்டு மேற்கொண்டு எழுதிச் சென்றார்கள். இந்த எழுத்தை நீக்கிப் படிக்க வேண்டும் என்பதே அப்புள்ளியின் பொருள். அதைக் கவனியாமல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், எழுதியவரே தள்ளிய பிழை மூலபாடத்துக்குள் மீண்டும் புகுந்துவிடும். கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளையும் பாப்பிரஸ் ஏடுகளையும் பதிப்பிப்பவர்களிடமோ அதே புள்ளிக்கு வேறு வேலை. 1931-இல் லெய்டன் நகரில் அறிஞர்கள் கூடி வகுத்த மரபின்படி, சிதைந்துபோய்ப் பலவாறு படிக்க இடந்தரும் எழுத்தின் கீழ் அது இடப்படுகிறது. அதை அகற்றினால், பதிப்பாசிரியரின் ஊகம் ஐயமற்ற பாடமாக மாறிவிடும். ரிக்வேதப் பதிப்புகளில் அனுதாத்தம் என்னும் தாழ்ந்த ஒலியைக் காட்டும் கீழ்க்கோடும், எபிரேயத்தில் எழுத்தடியில் வரும் உயிர்க்குறிகளும் இவ்வாறே ஒலிப்பைச் சுமந்து நிற்பவை.

தமிழை ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போதும் இதே சிக்கல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளியும், ழகரத்துக்குக் கீழ்க்கோடும் இட்டு, அவற்றை லகரத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. குறிகளைக் களைந்துவிட்டால் வலி, வளி, வழி மூன்றும் ஒரே சொல்லாகி, நூற்பட்டியலில் தேடுபவர் எதைக் கண்டோம் என்று அறியாமல் திகைக்க நேரும்.

கணினியின் மேல் பழி போடுவதற்கு இப்போது இடமில்லை. ருமேனிய மொழியின் கீழ்க்காற்புள்ளி எழுத்துகளைத் துருக்கியக் கொக்கி எழுத்துடன் குழப்பிக்கொண்டிருந்த நிலையைக்கூட, கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் வகுக்கும் யூனிகோடு தரத்தின் 1999-இல் வந்த 3.0 பதிப்பு தனிக் குறியெண்கள் தந்து மாற்றியது. தேடும் வசதிக்காக மென்பொருள் இக்குறிகளைப் பொருட்படுத்தாமல் விடலாம். சேமித்து வைக்கும் பாடத்தில் அவை ஒன்றுவிடாமல் இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு காரணத்தால் அது இயலாதபோது, எந்தெந்தக் குறிகள் விடப்பட்டன என்பதை மின்பதிப்பின் முன்னுரையிலேயே தெரிவிக்க வேண்டும் என்று சுவடிப் பணியில் ஈடுபட்டிருப்போரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்