மாற்கு சுவிசேஷத்தை முழுவதும் வாசிக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியேயிருந்து உதவிய நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் நாளாகிய சாம்பற்புதன் தொடங்கி ஈஸ்டர் அதிகாலை வரை, மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும், அவற்றிலுள்ள 678 வசனங்களில் ஒன்றையும் விடாமல், தூத்துக்குடியிலுள்ள நம் ஆலயத்தில் சத்தமாக வாசித்து முடித்திருக்கிறோம். புதன், வெள்ளி மாலைகளில் அதிகாரம் ஒன்று என்று வாசித்தால் பரிசுத்த வாரத்துப் புதனோடு 13 அதிகாரங்கள் நிறைவுபெறும் என்றும், கடைசிப் பந்தியைச் சொல்லும் 14ஆம் அதிகாரம் பெரிய வியாழனுக்கும் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் 15ஆம் அதிகாரம் பெரிய வெள்ளிக்கும் தாமாகவே வந்து அமையும் என்றும் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்டவர் நம் சபை ஊழியர். முதல் நன்றி அவருக்கு. அந்தக் கணக்குக்காக மட்டுமன்று. நான் முதலில் எழுதிக்கொடுத்த அட்டவணையில், சீரோபேனிக்கியா தேசத்து அந்நிய ஸ்திரீயிடம் நாய்க்குட்டிகளைப் பற்றி இயேசு பேசுகிற பகுதியையும், அத்திமரத்தைச் சபிக்கிற பகுதியையும் நேரமில்லை என்ற சாக்கில் நீக்கியிருந்தேன். உண்மையில் அவை கேட்பவர்களுக்குச் சங்கடம் தரும் என்ற பயமே காரணம். "விட்டுவிட்டு வாசிப்பதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடப்பகுதிகளே போதுமே, ஐயா" என்று அவர் மெதுவாகச் சொன்ன பிறகு அட்டவணையை மாற்றினேன்.

லெந்து கூட்டங்களின் பிரசங்க நேரம் முழுவதையும் வாசிப்புக்கு விட்டுக்கொடுத்து, கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நம் குருவானவருக்கு நன்றி. அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது என்பதை அவருடைய பிரசங்கங்களைக் கேட்டுப் பழகியவர்கள் அறிவார்கள்.

வாசிப்புக்குப் பின் பத்து நிமிடம் கேள்விக்கென்று ஒதுக்கியிருந்தோம். 4ஆம் அதிகாரத்தில், புயலின்போது இயேசு கப்பலின் "பின்னணியத்தில் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்" என்று வாசித்தபோது, பின்னணியம் என்றால் என்ன என்று ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் ஒருவன் கேட்டான். தமிழாசிரியராக முப்பது ஆண்டுகள் வேலைபார்த்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. அன்று விருந்தினராக வந்திருந்த, கடலுக்குப் போகும் கத்தோலிக்க நண்பர் எழுந்து, படகின் முன்பகுதியை அணியம் என்போம், அதற்கு எதிர்ப்புறத்தைத்தான் வேதாகமம் சொல்கிறது என்று கையால் வரைந்து காட்டினார். ஹென்றி பவரின் குழு 1871இல் நிறைவுசெய்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் சொல் ஒன்றுக்கு நம் கடற்கரையில் இன்றும் உயிர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தலையணையைச் சொல்பவர் நான்கு சுவிசேஷகரில் மாற்கு ஒருவரே என்பதையும், தூங்கும் இடம் எதுவென்று தெரிந்த பிறகே பலர் கவனித்தார்கள். அந்த நண்பருக்கு நம் சபை கடன்பட்டிருக்கிறது.

"உடனே" என்ற சொல் வரும்போதெல்லாம் தாளில் கோடு போட்டு எண்ணிய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியைகளுக்கும் நன்றி. கிரேக்க மூலத்தில் அச்சொல் ஏறத்தாழ 40 இடங்களில் வருகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை ஒருவருக்கொருவர் ஒத்துவரவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர்களைப்போல் உன்னிப்பாகக் கேட்டவர்கள் பெரியவர்களில் குறைவு.

பார்வையற்ற சகோதரர் ஒருவரிடம், பர்திமேயு பார்வையடைகிற 10ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படி கேட்டிருந்தோம். "எந்தச் சபைக்குப் போனாலும் எனக்கு அந்தப் பகுதியைத்தான் தருகிறார்கள், வேறு ஏதாவது கொடுங்கள்" என்றார். வெட்கத்தோடு 9ஆம் அதிகாரத்தைக் கொடுத்தோம். பிரெயில் பக்கங்களில் விரலை நகர்த்தியபடி அவர் வாசித்ததில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்த எங்களுடையதைவிடப் பிழை குறைவு. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற தகப்பனின் குரலை இனி அவருடைய குரலில்தான் நான் கேட்பேன். வாசித்ததற்கும், எங்களைத் திருத்தியதற்கும் அவருக்கு நன்றி.

எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர், பெரும்பாடுள்ள, அதாவது நீங்காத உதிரப்போக்கால் வருந்திய, ஸ்திரீயின் பகுதியைப் பேத்தி வாசிக்கக் கேட்டுக் கேட்டு மனனம் செய்து, 5ஆம் அதிகாரத்தின் நடுவில் எழுந்து நின்று சொன்னார். பன்னிரண்டு வருஷம் என்ற இடத்தில் பெண்கள் பக்கம் நிலவிய அமைதியைப் பற்றி நான் எழுதுவது பொருந்தாது. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

72 வசனங்கள் கொண்ட 14ஆம் அதிகாரத்தைப் பகிர்ந்து வாசித்த வாலிபர் சங்கத்தாருக்கும், ஒவ்வொரு மாலையும் முன்னதாகவே கதவு திறந்து மின்விசிறிகளைச் சுழலவிட்ட கோயில் பிள்ளைக்கும், ஒலிபெருக்கி இருமுறை பழுதானபோது சலிக்காமல் சரிசெய்த தம்பிக்கும் நன்றி.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் கடைசி அதிகாரத்தை வாசித்த சகோதரி, "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்" என்ற 8ஆம் வசனத்தில் நிறுத்தி, சற்று நேரம் கழித்தே மீதி 12 வசனங்களை வாசித்தார். சினாய், வத்திக்கான் சுவடிகளாகிய மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் அந்த 8ஆம் வசனத்தோடு முடிவதை முன்வாரம் பேசியிருந்தோம். அப்படியானால் மீதி எதற்கு என்று சிலரும், அதைத் தொடவே கூடாது என்று சிலரும் வாதாடினார்கள். இரு சாராரும் அந்த இடைவெளியில் ஒன்றாக நின்றதற்காக நன்றி சொல்கிறேன்.

வாசிப்புக்கென்று பெரிய எழுத்து வேதாகமங்களை இரவல் தந்த குடும்பத்தாரின் பிரதிகளில் இரண்டு இன்னும் ஆலய அலமாரியில் இருக்கின்றன. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கங்களுக்கிடையில் இருக்கும் பிள்ளைகளின் கோடு போட்ட தாள்களை மட்டும் எங்களுக்குத் தந்துவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
வாசிப்புக் குழுவின் பொறுப்பாளர்